ரேடியோ வீட்டு ஆடாதோடை

எங்கள் தெருவில் என் அம்மாவுக்கு ரேடியோ என்று பெயர். பெயர் வைத்தவர்கள் மேல் தப்பே சொல்ல மாட்டேன். காலையில் கடையைத் திறந்து இஸ்திரிப் பெட்டி சூடாவதற்குள் தெருவுக்கு இரண்டு செய்தி போய்விடும். மாலையில் துணி வாங்க வருபவர்கள் வாயிலிருந்து நாலு செய்தி வந்து சேர்ந்துவிடும். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அவள் வயிற்றில் ஒரு விஷயம் தங்காது, அவ்வளவுதான். பெற்ற மகள் நானே சொல்கிறேன், அவளிடம் ரகசியம் சொல்பவனுக்குப் புத்தி இல்லை.

என் தம்பிக்கு ஒருமுறை அப்படிப் புத்தி இல்லாமல் போயிற்று. போன வருஷம் அவன் பெண்டாட்டிக்கு நாள் தள்ளிப்போன கையோடு அம்மாவிடம் வந்து சொல்லிவிட்டான். அன்று பொழுது சாய்வதற்குள், சட்டை வாங்க வந்தவர், பேன்ட் போட வந்தவர், சும்மா வழி கேட்க நின்றவர் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்தக் கரு தங்கவில்லை. கலைந்ததும் எல்லோருக்கும் தெரிந்தது. அதற்கப்புறம் கடைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் அந்தப் பெண்ணை நிறுத்தி வைத்து ஆறுதல் சொன்னார்கள். ஆறுதல் என்றால் சும்மாவா? என்ன தின்றாய், எங்கே தடுக்கினாய், எப்படிப் படுத்தாய் என்று போலீஸ் விசாரணைதான். தலைவலிக்கு ஒரு மாத்திரை போட்டேன் என்று அவள் யாரிடமோ சொல்லித் தொலைக்க, அதுதான் காரணம் என்று தெருவே தீர்ப்பு எழுதிவிட்டது. அதன்பிறகு அவள் கடை வழியாக வராமல், பக்கத்துச் சந்து வழியாகப் போய்ப் பின்படியேறி மாடியிலிருக்கும் தங்கள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள்.

அதனால் இந்தத் தடவை புருஷனும் பெண்டாட்டியும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று தம்பி அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான். எனக்கும் சொல்லவில்லை. ரேடியோவின் மகள் மட்டும் ஊமையாகவா இருப்பாள் என்று நினைத்திருப்பான், கழுதை. ஆக, நான் சொல்லப்போவதெல்லாம் நடந்தபோது அவள் வயிற்றில் ஒரு பிள்ளை இருந்தது. எனக்கும் அம்மாவுக்கும் அது தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரிந்து செய்வதற்கும் தெரியாமல் செய்வதற்கும் வித்தியாசம் உண்டு என்று இன்னமும் நான் எல்லோரிடமும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

தம்பி பெண்டாட்டியை நான் பஞ்சு என்று கூப்பிடுவேன். அவள் மெத்தை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தாள். உறைக்குள் பஞ்சைத் திணித்து, மூலை மூலையாகத் தட்டிச் சமன் செய்து, நீள ஊசியால் குறுக்கே தையல் போடுவது அவள் வேலை. வாயில் துணி கட்டிக்கொண்டாலும் தூசு விடாது. சாயங்காலம் வீடு திரும்பும்போது தலை, புருவம், காதோரம் எல்லாம் வெள்ளையாக இருக்கும். அதற்குள் கிழவியாகிவிட்டாயே என்று நான் கேலி செய்தால், உங்களைவிட இளமைதான் அண்ணி என்று திருப்பிக் கொடுப்பாள். வாயாடி இல்லை, ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடும் பெண். எனக்கு அவளைப் பிடிக்கும். என் புருஷன் வீட்டை உதறிவிட்டு நான் இங்கே வந்து கடைக்குப் பின்னறையில் அம்மாவோடு படுக்க ஆரம்பித்தபோது, முகம் சுளிக்காமல் தன் தலையணையில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான்.

அந்தப் பட்டறைத் தூசுதான் அவளுக்கு இருமலைக் கொண்டுவந்தது. சாதாரண இருமல் இல்லை. மாடியில் அவள் இரும ஆரம்பித்தால் கீழே எங்களுக்குத் தொண்டை வலிக்கும். இருமி இருமி விலாவைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிடுவாள். தம்பி மருந்துக்கடையில் பாட்டில் வாங்கி வந்தான், மாத்திரை வாங்கி வந்தான். எதையும் தொடமாட்டேன் என்றாள். வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்ற பயம். போன தடவை தெரு எழுதிய தீர்ப்பு அவள் மனசில் அப்படியே கிடந்தது. எங்களுக்கோ அது வெறும் பிடிவாதமாகத்தான் தெரிந்தது. இருமிக்கொண்டே சாகப்போகிறாள், மாத்திரை என்ன கடித்தா விடும் என்று நான்கூட மாடிக்குக் கேட்கும்படி திட்டினேன்.

எங்கள் கடையின் பின்சுவரை ஒட்டி ஆடாதோடை ஒன்று நிற்கிறது. யாரும் நடவில்லை. துணி அலசிய தண்ணீர் போகிற ஓரத்தில் தானாக முளைத்து ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. சாண் நீள இலை, ஆடுமாடு வாய் வைக்காத கசப்பு. சளிக்கும் இருமலுக்கும் அம்மாவின் கைமருந்து அதுதான். முற்றிய இலையாகப் பார்த்துப் பறித்து, கழுவி, வெள்ளைத் துணியில் சுற்றி, ஆவி வருகிற இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் கொஞ்ச நேரம் பிடிப்பாள். இலை வதங்கித் துவண்டதும் துணியோடு முறுக்கிப் பிழிந்தால் கரும்பச்சையாகச் சாறு இறங்கும். அதில் தேனைக் குழைத்து, மிளகைத் தட்டிப்போட்டுக் கொடுப்பாள். தொண்டை கட்டிய வாத்தியார், புகையில் நின்று வேலை செய்கிறவர், வண்டி ஓட்டுகிறவர் என்று கேட்டு வராத ஆள் கிடையாது. நெஞ்சில் கட்டிய கோழை கரைந்து வந்துவிடும், மூச்சு லேசாகிவிடும். பொய் சொல்ல மாட்டேன், எனக்கே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறது.

ஆனால் பிள்ளைத்தாய்ச்சிக்கு அதைக் கொடுக்கக் கூடாது. கருப்பையைச் சுருக்கிவிடும். பிரசவம் சுணங்கினால் அந்தக் காலத்தில் இதைத்தான் கொடுப்பார்கள் என்று அம்மாவுக்குத் தெரியும். எனக்கும் அவள் சொல்லித்தான் தெரியும். அதனால் எந்தப் பெண் வந்து கேட்டாலும் கிண்ணத்தைக் கையில் கொடுக்குமுன் ஒரு கேள்வி கேட்பாள், முழுகாமல் இருக்கிறாயா என்று. ஏன் கேட்கிறேன் என்று மட்டும் சொல்லமாட்டாள். ஊர்க்கதை முழுக்கச் சொல்வாள், மருந்தைப் பற்றி விளக்கம் கேட்டால் கோபம் வரும். கேட்டதற்குப் பதில் சொல், குடி, போ. அவள் வைத்தியம் அவ்வளவுதான்.

இதில் என்ன கூத்து என்றால், அதே கேள்வியை மருமகளிடம் மாதம் தவறாமல் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மருந்துக்காக இல்லை. பேரப்பிள்ளை ஆசை. மாதம் பிறந்தால் போதும், மாடிப்படியில் வழிமறித்துக் கேட்டுவிடுவாள். அந்தப் பெண்ணும் முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு, மாதவிலக்கு வந்துவிட்டது என்பதாக, குளிச்சாச்சு அத்தை என்று சொல்லிவிட்டுப் போவாள். கேட்காதே அம்மா, அது புண்ணில் குத்துகிற மாதிரி என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நான் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள் என்பாள். அதற்கு மேல் அவளோடு யார் மல்லுக்கட்டுவது?

ஒருநாள் சாயங்காலம் பஞ்சு சந்து வழியாகப் போகாமல் நேராகக் கடைக்குள் வந்தாள். நான் மேசையில் வேட்டி மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா பெட்டி பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாத்தியார் தன் சட்டைக்காகக் காத்துக்கொண்டு நின்றார். இருமல் வந்து அடங்கியதும் அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அத்தை, எல்லாருக்கும் குடுக்கிறீங்களே, அந்த இலைச்சாறு எனக்கும் கொஞ்சம் குடுங்களேன்.”

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. போன வருஷத்திலிருந்து மருமகள் அவளிடம் வாய் திறந்து ஒன்று கேட்பது அதுதான் முதல் தடவை. வாத்தியார் சட்டையை என்னிடம் தள்ளிவிட்டுப் பின்பக்கம் ஓடினாள். இலையைப் பறித்தாள், வாட்டினாள், பிழிந்தாள். மற்றவர்களுக்கு ஊற்றுவதைவிடத் தேன் தாராளமாக ஊற்றினாள். கிண்ணத்தை நீட்டிக்கொண்டே, பழக்கப்படி, கேட்கவும் கேட்டாள்.

“இந்த மாசமும் குளிச்சாச்சுதானே?”

பக்கத்தில் வாத்தியார் நிற்கிறார். அந்தப் பெண்ணின் முகம் செத்துப்போயிற்று. வழக்கமான பதிலை வழக்கம்போலச் சொன்னாள். அம்மா பெருமூச்சு விட்டாள், கிண்ணத்தைக் கொடுத்தாள். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

அம்மா கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் பெண் வேண்டுமென்று ஏமாற்றினாள் என்றும் சொல்ல முடியாது. அம்மா மருந்துக்காகக் கேட்டாள், அவள் காதில் அது மாதாமாதம் நடக்கிற விசாரணையாக விழுந்தது. கடையில் விற்கிற மாத்திரையைக் கண்டால் பயந்தவளுக்கு, வீட்டுச் சுவரோரம் நிற்கிற இலையைக் கண்டு பயம் வரவில்லை. இலைதானே என்று நினைத்தாள். பிள்ளையைக் காப்பாற்றத்தான் அதைக் கேட்டு வந்தாள். 

இருமல் மருந்துக்குக் கேட்டது. அதுதான் கொடுமை. கொஞ்ச நாளிலேயே மாடியில் சத்தம் குறைந்துவிட்டது. அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. என் மருமகளே என்னிடம்தான் மருந்து வாங்கிக் குடிக்கிறாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். காலையிலும் மாலையிலும் கண்ணும் கருத்துமாகக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, முட்டி வலியோடு மாடியேறினாள். அடியோடு நின்றுவிட வேண்டும் என்று இலையைக் கூட்டிச் சாற்றைக் கெட்டியாக்கினாள். காலை நேரத்தில் அந்தப் பெண் வாந்தி எடுத்தாள். கசப்பு தாங்கவில்லை, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாக்கு சொகுசு என்று அம்மா சிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

ஒரு மத்தியானம் தம்பி எனக்குப் போன் செய்தான். அவன் சரக்கு வேன் ஓட்டுகிறவன், ஓட்டும்போது போன் எடுக்கவே மாட்டான். குரல் அவன் குரலாக இல்லை. பட்டறையில் ஆள் வராததால் பஞ்சு இன்னொரு பெண்ணோடு சேர்ந்து ஒரு பொதியைத் தூக்கியிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் அடிவயிறு இழுத்துப் பிடித்திருக்கிறது, ரத்தம் போயிருக்கிறது. அவனே வேனில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டான். என்னடா சொல்கிறாய், எதற்கு ரத்தம் போகிறது என்று நான் கத்தினேன்.

“மூணாவது மாசம்க்கா. உங்ககிட்ட சொல்லல.”

அம்மாவிடம் அதை அப்படியே சொன்னேன். அவள் கையிலிருந்த பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சுவிட்சை அணைத்தாள். பாதி தேய்த்த சட்டையை மடித்து ஓரமாக வைத்தாள். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, அப்படியே மேசைக்கடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.  அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கும் விஷயம் உறைத்தது. 

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சுத்தம் செய்து பெண்கள் வார்டில் படுக்க வைத்திருந்தார்கள். அம்மாவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு நான் டாக்டரம்மாவைத் தேடிப்போய், இலை விஷயத்தைத் தாழ்ந்த குரலில் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். கர்ப்பமாக இருப்பவளுக்கு அதைக் கொடுத்திருக்கவே கூடாது என்றார். ஆனால் அதனால்தான் போயிற்று என்று அடித்துச் சொல்ல முடியாது, முதல் மூன்று மாதத்தில் காரணமே தெரியாமல் கலைவதுதான் அதிகம் என்றார். பொதி தூக்கியதாலா என்று கேட்டேன். ஒரு தடவை தூக்கியதற்கெல்லாம் இப்படி ஆகாது என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். டாக்டரம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். முதல் பாதிதான் அவள் காதில் ஏறியது. நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். எங்கள் வீடு நின்றதே ஒரு நூலில்தான். தம்பிக்கு இது தெரிந்தால் அன்றைக்கே பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான், அப்புறம் ஜென்மத்துக்கும் திரும்பமாட்டான். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

“அம்மா, உன் கால்ல வேணா விழறேன். வாழ்க்கையில இந்த ஒரு தடவை மட்டும் வாயை மூடிட்டு இரு. அதனாலதான்னு டாக்டரே சொல்லல. நீயா போய் எதுவும் சொல்லாத.”

அவள் தலையை ஆட்டினாள். எனக்கு நம்பிக்கை வந்தது. அவள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததை என் ஆயுசில் நான் பார்த்ததில்லை.

உள்ளே போனோம். வரிசையாகக் கட்டில்கள். எங்கள் பெண் ஜன்னலோரம் படுத்திருந்தாள், முழங்கைவரை பட்டறைப் பஞ்சு ஒட்டியிருந்தது, அதைக்கூட யாரும் துடைத்துவிடவில்லை. தம்பி கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தான். அழுது முடித்துக் கோபத்துக்கு வந்திருந்தான். வேலையை விடு விடு என்று சொன்னேனே கேட்டாயா, பட்டறைக்காரன் பொதியைத் தூக்கத்தான் உன்னைக் கட்டி வந்தேனா, உன் கையாலேயே கெடுத்தாயே என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.  அவள் ஆமாம் ஆமாம் என்று தலையை அசைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

பொதி தூக்கினதால இருக்காதுன்னு டாக்டரே சொன்னாங்க, சும்மா அவளைப் பிடுங்காதே என்றேன். சொன்ன பிறகுதான் மாட்டிக்கொண்டது தெரிந்தது. அவன் என் பக்கம் திரும்பினான்.

“அப்ப எதனாலக்கா?”

என்ன சொல்ல? தெரியாது என்று சொன்னால் அவன் மறுபடி அவள்மேல்தான் பாய்வான். தெரியும் என்று எப்படிச் சொல்வேன்?  அதற்குள் பஞ்சு தானாகவே பேசினாள், கூரையைப் பார்த்துக்கொண்டு, யாருக்கோ ஒப்பிக்கிற மாதிரி. தான்தான் காரணம் என்றாள். போன தடவை மாத்திரை போட்டேன், இந்தத் தடவை பாரம் தூக்கினேன், என் உடம்புக்குப் பிள்ளை பெற யோக்கியதை இல்லை, நீங்கள் வேறு ஒருத்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

அம்மா என்னைத் தாண்டிப் போனாள். சேலையைப் பிடித்து இழுத்தேன், உதறிவிட்டாள். கட்டிலில் உட்கார்ந்து அந்தப் பெண்ணின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சொன்னாள். ஆடாதோடை பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது என்பதை, அதனால்தான் கிண்ணத்தை நீட்டும்போது கேட்டேன் என்பதை, ஏன் கேட்கிறேன் என்று சொல்லாமல் விட்டதை, கெட்டியாகப் பிழிந்து பிழிந்து ஊற்றியதை, எல்லாவற்றையும் சொன்னாள். தெருவுக்கே கேட்கிற தொண்டை அது. அன்றைக்குப் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கவில்லை. டாக்டரம்மா சொன்ன இரண்டாவது பாதியை மட்டும் அவள் சொல்லவே இல்லை. அதனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது என்ற அந்த ஒரு வரி அவளைக் காப்பாற்றியிருக்கும். அதைச் சொல்ல நான் வாயெடுத்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன்.

 தம்பி வேன் சாவியை எடுத்துக்கொண்டு வார்டை விட்டு வெளியே போய்விட்டான். 

பஞ்சு கூரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

“அப்ப, நான் இல்லையா அத்தை?”

“நீ இல்லம்மா. நான்தான்.”

அந்தப் பெண்ணின் முகம் இளகியதை நான் பார்த்தேன். ஒரு வருஷமாக அவள் நெஞ்சில் கிடந்த கல் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. மூச்சு இழுத்து விட்டாள், அழுதாள், கொஞ்சம் சிரித்த மாதிரிகூட இருந்தது. அதற்கப்புறம்தான் பதில் சொன்னது யார் என்று அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். அம்மாவின் மடியிலிருந்து தன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அம்மா மடியைப் பார்த்துக்கொண்டு, பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் வந்து எழுப்பும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.